பொதிகை ஏறிய விஞ்ஞானம்

சுந்தரபாண்டியபுரத்து வயல்வெளிக்கு மேற்கே தெரியும் மலைத்தொடர், குற்றாலத்திற்கு அருவிகளை அளித்துவிட்டுத் தெற்கே நீண்டு, தாமிரபரணியின் பிறப்பிடமாகிய பொதிகையில் 1,868 மீட்டர் உயரச் சிகரமாக நிமிர்கிறது. அகத்திய முனிவர் வாசம் செய்யும் மலை என்ற ஐதீகத்தினால் பக்தர்கள் ஏறிவந்த அச்சிகரத்திற்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் விஞ்ஞானமும் யாத்திரை செய்தது என்பதை நம்மில் பலர் அறியார்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானிலையத்திற்கு 1852-இல் தலைமை ஏற்ற ஜான் ஆலன் புரௌன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், பூமியின் காந்த சக்தி அடையும் மாறுதல்களைத் தாழ்நிலத்தில் அளப்பதோடு அமையாது, உயரத்திலும் அளந்து இரண்டையும் ஒப்பிட விரும்பி, யானைகள் திரியும் கானகத்தினூடே பாதை வெட்டுவித்து, 1855-இல் அந்தச் சிகரத்தின்மேல் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். சிறு அசைவையும் பொறாத கருவிகளை, மேகமும் பெருங்காற்றும் ஓயாது மோதும் அந்தப் பாறைத் தலையில் நிறுத்திக் காத்தது சாமானியமான காரியமன்று. காந்த வலிமை ஓரிடத்தில் மட்டுமின்றிப் பூமி முழுவதிலும் ஒருசேரக் கூடுவதும் குறைவதும் உண்டு என்று கண்டு கூறிய பெருமை அவருக்கு உரியது. 1865-இல் அவர் ஐரோப்பா திரும்பினார்.

ஆயினும் இம்மலையின் சரித்திரத்தில் புரௌனுக்கு முன்னே வைத்து எண்ணத்தக்கவர்கள் இக்காட்டின் பழங்குடியினராகிய காணி மக்களே என்பது என் துணிபு. 1987-இல் தாவர ஆராய்ச்சிக்காக இங்கே ஏறிய விஞ்ஞானிகள் மூச்சிரைத்துச் சோர்ந்தபோது, வழிகாட்டிய காணிகள் ஏதோ காயை மென்றவண்ணம் களைப்பின்றி நடந்தனர். வற்புறுத்திக் கேட்டபின் அவர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையிலிருந்தே பின்னர் 'ஜீவனி' என்ற மருந்து செய்யப்பட்டது. அதன் ஆதாயத்தில் ஒரு பங்கு காணிகளுக்கென அமைந்த அறக்கட்டளைக்குச் சென்றது.

இன்று இம்மலை 2001-இல் அறிவிக்கப்பட்ட உயிர்க்கோளக் காப்பகத்தைச் சேர்ந்தது. 2016-இல் யுனெஸ்கோவும் அதனைத் தன் பட்டியலில் ஏற்றது. தை மாதத்தை ஒட்டிய சில வாரங்களில், கேரள வனத்துறையின் அனுமதியோடு போணக்காட்டிலிருந்து புறப்படுவோர், அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் கயிற்றைப் பற்றிச் செங்குத்துப் பாறைகளில் ஏறுகின்றனர். அவ்வாறு செல்லும் அன்பர்கள், சிகரத்தை அடையும் அவசரத்தில் உடன்வரும் வழிகாட்டியை மறந்துவிடாமல், அவர் முன்னோர் இக்காட்டில் வாழ்ந்த வரலாற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறேன்.