1600 ஜி.பி. டேப்பும் 800 ஜி.பி. உண்மையும்

பி.காம் படிக்கிற எனக்கும் டேப் டிரைவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் தானாக வந்து சேர்ந்தது! போன வருடம் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். சர்வரின் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பேக்கப் டேப் பீரோவில் பத்திரமாக இருந்தது, ஆனால் அதில் டேலி ஃபோல்டர் மட்டும் இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்து பழைய பர்சேஸ் பில்களை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினேன். ஏன் இப்படி ஆனது என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கதை.

1952ல் ஐ.பி.எம் நிறுவனம் 726 என்ற டேப் டிரைவைக் கொண்டு வந்தது. ஒரு பெரிய சுருளில் சுமார் 2 எம்.பி. தான் பிடிக்கும். 1984ல் வந்த 3480 கார்ட்ரிட்ஜில் 200 எம்.பி. அந்தக் காலத்துத் தரவு பெரும்பாலும் கணக்குதான். பெயருக்கு 40 எழுத்து இடம் ஒதுக்கியிருப்பார்கள், பெயர் ஆறு எழுத்தில் முடிந்துவிடும், மீதி எல்லாம் வெற்றிடம். அதையும் டேப்பில் எழுதியாக வேண்டும்.

இதற்கு வழி சொன்னவர்கள் இஸ்ரேலின் ஜேக்கப் ஸிவ், ஆபிரகாம் லெம்பெல் இருவரும் (இருவருமே 2023ல் காலமானார்கள்). 1977, 1978ல் அவர்கள் எழுதிய கட்டுரைகளின் சாரம் எளிமையானது: முன்பே வந்ததைத் திரும்ப எழுதாதே, "இத்தனை எழுத்துக்கு முன்னால் பார்" என்று மட்டும் குறித்து வை. "நூல் கொள்முதல்" என்று நூறு தடவை வரும் நம் பேரேட்டுக்கே செய்தது போல இருக்கிறது!

ஆனால் இந்த வேலையைச் சர்வரே செய்தால் மற்ற வேலை படுத்துவிடும். அதனால் 1980களின் பிற்பகுதியில் ஐ.பி.எம் சுருக்கும் வேலையை டேப் கருவியிடமே கொடுத்தது. தரவு போகிற போக்கிலேயே சுருங்கிவிடும். 1990களில் சிறிய அலுவலக டிரைவ்களுக்கும் இது வந்துவிட்டது.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வருகிற இடம். 2000ல் வந்த முதல் எல்.டி.ஓ. டேப்பின் உண்மையான கொள்ளளவு 100 ஜி.பி., விளம்பரத்தில் 200. தரவு பாதியாகச் சுருங்கும் என்பது அனுமானம். 2012ல் எல்.டி.ஓ-6 வந்தபோது அந்த அனுமானத்தையே இரண்டரை மடங்காக உயர்த்திவிட்டார்கள். 2.5 டி.பி. டேப்புக்கு 6.25 என்று பெயர்! வரும் என்று நினைக்கிற லாபத்தை இப்போதே பேலன்ஸ் ஷீட்டில் காட்டினால் எங்கள் ஆசிரியர் மார்க் போடுவாரா?

ஜின்னிங் பிரஸ்ஸில் அழுத்தி 170 கிலோ பேலாகக் கட்டிய பஞ்சை இன்னொரு தடவை அழுத்தினால் எவ்வளவு சுருங்கும்? ஜேபெக் போட்டோவும் ஜிப் ஃபைலும் அப்படிப்பட்ட பேல்கள்தான். பழைய டிரைவ்களில் இவை கொஞ்சம் வீங்கவே செய்யும். எல்.டி.ஓ. மட்டும் சுருங்காததை அடையாளம் கண்டு அப்படியே எழுதிவிடும். நஷ்டமில்லை, லாபமும் இல்லை.

நான் போன கம்பெனியில் இருந்தது 2007ல் அறிமுகமான எல்.டி.ஓ-4 வகை. உண்மையில் 800, பெட்டியில் 1600. வாங்கியபோது வெறும் கணக்கும் ஆர்டர் விவரமும்தான், அதனால் 1600 கிட்டத்தட்ட சரியாகவே இருந்திருக்கும். பிறகு மெர்ச்சண்டைசர்கள் சாம்பிள் போட்டோ, பிரிண்ட் டிசைன் எல்லாவற்றையும் சர்வரில் கொட்டினார்கள். பேக்கப் போவது ஆங்கில அகரவரிசையில். போட்டோஸ் முன்னால், டேலி கடைசியில். நடுராத்திரி டேப் நிறைந்து "அடுத்த டேப்பைப் போடவும்" என்று கம்ப்யூட்டர் கேட்கும். கேட்க ஆள் ஏது? காலையில் வருபவர் டேப்பை உருவி பீரோவில் வைத்துவிடுவார். இப்படியே பல வாரம்!

2013 கம்பெனிச் சட்டப்படி கணக்குகளை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 விதியில் "அவ்வப்போது" என்றிருந்த பேக்கப், 2022 திருத்தத்தில் "தினமும்" என்றாகிவிட்டது. (இது கம்பெனிகளுக்குத்தான். "கம்பெனி" என்று போர்டு வைத்திருக்கும் பார்ட்னர்ஷிப்புகளுக்கு இந்த விதி பொருந்தாது.)

இப்போது அங்கே இரண்டு டேப் போடுகிறார்கள், டேலி முதலில் போகிறது. பெட்டியில் இருந்த 1600ஐ ஸ்கெட்ச் பேனாவால் அடித்து 800 என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்!