விமானம் ஏறிய கிரைண்டர்

1965-இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, நாட்டுவாரிப் பழைய ஒதுக்கீட்டை எடுத்துவிட்டது. நம் டாக்டர்களும் இன்ஜினீயர்களும் குடும்பத்தோடு போய் இறங்கினார்கள். பெட்டிக்குள் இட்லித் தட்டு போனது, பித்தளை காபி ஃபில்டர் போனது. ஆட்டுக்கல்லை யார் தூக்குவது?

கோவையில் பி. சபாபதி 1955-லேயே மின்சார கிரைண்டரைச் செய்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்து கிரைண்டர் சமையலறையில் ஒரு மூலையையே அடைத்துக்கொண்டு நிற்கும். மேடைமேல் வைக்கிற சின்ன கிரைண்டர் வந்த பிறகுதான் அதற்கு விமான யோகம்.

எங்கள் சித்தி நியூஜெர்சிக்குக் கொண்டுபோனது அப்படி ஒன்று. கல்லைத் தனியாகக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றினார். காலி டிரம்முக்குள் அப்பளக் கட்டு, வடகம். (எடை போடும் இடத்தில் சித்தப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே!)

வில்லங்கம் அங்கே போனபின். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை ஏற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும், மாவு சூடேறும். சூடேறினால் உளுந்து பொங்கிவராது. சித்தி ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தார். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு முன் என் இன்ஜினீயரிங் பட்டம் எம்மாத்திரம்?

பிறகு கோவைக்காரர்களே அமெரிக்க மின்சாரத்துக்கென்று கிரைண்டர் செய்து அனுப்பத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்றும் ஊரிலிருந்து வாங்கிப்போகிறவர்கள், 110 அல்லது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.