மேடை இசைநாடகமும் திரைப்படப் பதிவும்: புனே நகர வரலாற்றை முன்வைத்து நுழைவுச்சீட்டு வருவாய் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

மேடையில் நடைபெறும் இசைநாடகத்தைப் படமாக்கித் திரையரங்குகளில் வெளியிட்டால் மேடைக்கு வரும் கூட்டம் குறையுமா, கூடுமா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகிறது. தொழில்நுட்ப வளர்ச்சியால் எழுந்த புதிய வினாவாக இது தோன்றினும், இதற்கு இந்தியாவில் ஏறத்தாழ தொண்ணூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதன்மையான களங்களுள் ஒன்று மகாராட்டிர மாநிலத்தின் புனே நகரமாகும். மராத்தி சங்கீத நாடகம் பிறந்ததும் அந்நகரிலேயே; மராத்திப் பேசும்படத்தின் பொற்காலத்தைத் தோற்றுவித்த பிரபாத் நிறுவனம் செழித்ததும் அந்நகரிலேயே. ஒரே ஊரில் இவ்விரு கலைகளும் எதிரெதிரே நின்ற நிலையை ஆராய்ந்து, மேடையின் சீட்டு வருவாயை உண்மையில் குறைத்தது எது என்பதைக் கண்டறிய இக்கட்டுரை முயல்கிறது. ஒப்பீட்டிற்காகத் தமிழ் நாடக மேடையின் நிகழ்வுகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

மராத்தி சங்கீத நாடகத்தின் தோற்றம்

அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் காளிதாசரின் நாடகத்தைத் தழுவி அமைத்த ‘சங்கீத சாகுந்தல்’ 1880 அக்டோபர் 31 அன்று புனேயில் அரங்கேறியது. இதுவே மராத்தி சங்கீத நாடக மரபின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அடுத்து 1882இல் ‘சங்கீத சௌபத்ர’ மேடையேறியது. நடிகர்களே பாடுதல், பாட்டு உரையாடலின் தொடர்ச்சியாக வருதல், இந்துஸ்தானி இசையின் இராகங்களைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தல் ஆகியன இம்மரபின் இயல்புகளாகும். தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் வளர்த்த இசைநாடக மரபோடு இதனை ஒப்புநோக்கலாம். ஸ்திரீபார்ட் நடிகர்களின் செல்வாக்கு, விடியவிடிய நீளும் நிகழ்ச்சி, ‘ஒன்ஸ்மோர்’ என்னும் அவையோர் கூக்குரல் ஆகியவை இரு மேடைகளுக்கும் பொதுவானவையாக இருந்தன.

இம்மரபின் உச்சத்தில் நின்றவர் பாலகந்தர்வர் எனப் போற்றப்பட்ட நாராயணராவ் ராஜஹம்ஸ் (1888-1967). கிர்லோஸ்கர் குழுவில் புகழ்பெற்ற இவர், 1913இல் கணபத்ராவ் போடஸ், கோவிந்தராவ் டேம்பே ஆகியோருடன் இணைந்து கந்தர்வ நாடக மண்டலியை நிறுவினார். ‘ஸ்வயம்வர்’ (1916), ‘ஏகச் பியாலா’ (1919) ஆகிய நாடகங்களில் இவர் ஏற்ற பெண் வேடங்கள் மகாராட்டிரம் முழுவதும் பேசப்பட்டன. 1921 ஜூலை 8 அன்று மும்பையில் இவரும் கேசவராவ் போஸ்லேயும் சேர்ந்து நடித்த ‘மானாபமான்’ நாடகம் திலகர் சுயராஜ்ய நிதிக்காக ஒரே இரவில் பதினாயிரம் ரூபாய்க்கு மேல் ஈட்டித் தந்தது. பேசும்படம் வருவதற்கு முன்னர் மேடைச் சீட்டிற்கு இருந்த மதிப்பை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

நாடகக் குழுவின் வரவும் செலவும்

மேடையின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள அதன் பொருளாதாரத்தை முதலில் நோக்குதல் வேண்டும். ஒரு நாடகக் குழுவின் ஓரிரவு வருவாய்க்குக் கொட்டகையின் இருக்கைகளே எல்லை. எத்துணைப் புகழ் பெற்ற நடிகராயினும் ஓரிரவில் ஓரூரில் மட்டுமே பாட இயலும். செலவோ நாடகம் இல்லாத நாட்களிலும் நிற்பதில்லை. நடிகர், பக்கவாத்தியக் கலைஞர், ஒப்பனையாளர், காட்சித்திரை தீட்டுவோர், சமையற்காரர் எனப் பெருங்குடும்பம் ஒன்று குழுவோடு ஊர்விட்டு ஊர் சென்றது. கந்தர்வ மண்டலியில் தபலா மேதை அகமத் ஜான் திரக்வா போன்ற பெருங்கலைஞர்கள் பணியாற்றினர். உயர்ந்த பட்டாடைகளுக்கும் அணிகளுக்கும் அரங்கப் பொருள்களுக்கும் பாலகந்தர்வர் கணக்குப் பாராது செலவிட்டார். ஆகவே சீட்டு விற்பனை செழித்திருந்த 1920களிலேயே மண்டலி பெருங்கடனில் மூழ்கியது. மேடையின் நலிவு பேசும்படத்திற்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பது இதனால் பெறப்படும்.

இவ்விடத்தில் இசைத்தட்டினையும் கருதுதல் தகும். பாலகந்தர்வரின் மேடைப் பாடல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே இசைத்தட்டுகளாக வெளிவந்தன. வீட்டிலேயே பாட்டைக் கேட்க முடிந்தமையால் மக்கள் நாடகத்திற்கு வருவதை நிறுத்திவிடவில்லை. மாறாக, மூன்று நிமிடத் தட்டில் கேட்ட பாட்டை மேடையில் விரித்துக் கேட்கவேண்டும் என்னும் வேட்கையே வளர்ந்தது. தமிழகத்தில் எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் இசைத்தட்டுகளும் இவ்வாறே அவர்தம் மேடைப் புகழைப் பெருக்கின. பதிவு மேடையின் ஒரு கூறினை மட்டும் எடுத்துச் செல்லும்போது அது விளம்பரமாகிறது எனலாம்.

பிரபாத் நிறுவனமும் மேடைக் கலைஞரும்

வி. சாந்தாராம், விஷ்ணுபந்த் தாம்லே, எஸ். பத்தேலால், கேசவராவ் தாய்பர், சீதாராம்பந்த் குல்கர்ணி ஆகியோர் 1929இல் கோலாப்பூரில் தொடங்கிய பிரபாத் நிறுவனம் 1933இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. அந்நிறுவனம் 1932இல் வெளியிட்ட ‘அயோத்யேசா ராஜா’ முதல் மராத்திப் பேசும்படமாகும். அதில் நாயகனாக நடித்து இசையும் அமைத்தவர் கந்தர்வ மண்டலியின் நிறுவனர்களுள் ஒருவரான கோவிந்தராவ் டேம்பே. மண்டலியின் பாடகரும் இசையமைப்பாளருமான மாஸ்டர் கிருஷ்ணராவும் பின்னர் பிரபாத்தின் இசையமைப்பாளரானார். மேடை நடிகர் கேசவராவ் தாதே ‘குங்கூ’ (1937) படத்தில் நடித்துப் புகழ்பெற்றார். தமிழ் மேடையுலகிற்கும் இந்நிறுவனத்தோடு தொடர்பு உண்டு. பாபநாசம் சிவன் இசையமைத்த ‘சீதா கல்யாணம்’ (1934) என்னும் தமிழ்ப்படம் பாபுராவ் பெண்டார்கர் இயக்கத்தில் பிரபாத் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டதாகும்.

மேடையிலிருந்து திரைக்கு முதலில் சென்றவை நாடகங்கள் அல்ல, நாடகக் கலைஞர்களே என்பது இங்குக் கருதத்தக்கது. மாதச் சம்பளமும் நிலையான இருப்பிடமும் அளித்த படநிறுவனம், அலைந்து திரிந்த குழுக்களின் தேர்ந்த கலைஞர்களை ஈர்த்தது. அவர்கள் விலகிய பின்னர் மேடையில் எஞ்சிய நிகழ்ச்சிக்கு முன்போல் சீட்டு விற்பது அரிதாயிற்று.

பாலகந்தர்வரின் இரு படங்கள்

கடனும் வருவாய்க் குறைவும் நெருக்கிய நிலையில் பாலகந்தர்வரும் பிரபாத்தோடு இணைந்தார். சாந்தாராம் இயக்கிய ‘தர்மாத்மா’ (1935) படத்தில் அவர் ஏகநாதராக ஆண் வேடம் ஏற்றார். ‘மகாத்மா’ எனப் பெயரிடப்பட்டிருந்த இப்படம் தணிக்கையாளர் எதிர்ப்பால் பெயர் மாற்றம் பெற்றது. பெண் வேடத்தில் அவரைக் கண்டு பழகிய அவையோருக்கு இத்தோற்றம் நிறைவளிக்கவில்லை. பகுதி பகுதியாகக் காட்சி எடுக்கும் முறையும் அவர் இயல்புக்கு ஒவ்வவில்லை. அவ்வொரு படத்தோடு பிரபாத் தொடர்பு முடிந்தது.

இதன் பின்னரே இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருங்கிய நிகழ்வு நேர்ந்தது. தம் மேடை நாடகமான ‘அம்ருதசித்தி’யையே பாலகந்தர்வர் படமாக்க முற்பட்டார். பாபுராவ் பெயிண்டர் இயக்கிய அப்படம் ‘சாத்வி மீராபாய்’ என்னும் பெயரில் 1937இல் வெளிவந்தது. திரையில் அவர் பெண் வேடம் ஏற்றது இதில் மட்டுமே. மேடையின் அமைப்பும் பாட்டும் நடிப்பும் பெரிதும் மாறாமல் படத்தில் இடம்பெற்றன. மேடையைத் திரைக்குக் கொண்டு சென்றால் மேடை அழிந்துவிடும் என்னும் அச்சம் உண்மையாயின், இப்படம் பெருவெற்றி பெற்று நாடகச் சீட்டை விழுங்கியிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று, படமே தோல்வியுற்றது.

இத்தோல்விக்குரிய காரணங்கள் எண்ணத்தக்கன. மேடையில் தொலைவிலிருந்து கண்ட ஐம்பதை நெருங்கிய நடிகரின் பெண் வேடத்தைப் படக்கருவி அண்மையில் காட்டியது. நடிகைகளே பெண் பாத்திரங்களை ஏற்ற படங்களைக் கண்ட மக்களுக்கு அது செயற்கையாகப்பட்டது. அதனினும் முதன்மையானது மற்றொன்று. மேடையில் அவையோர் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும்தோறும் அதே பாட்டைப் புதிய சங்கதிகளோடு பாடுவதே பாலகந்தர்வரின் தனிச்சிறப்பு. படத்தில் அவையும் இல்லை; மறுமொழியும் இல்லை. நாடகச் சீட்டு வாங்கியவர் வாங்கியது கதையையன்று, அந்த உறவையே என்பது இதனால் விளங்குகிறது. பாலகந்தர்வர் மீண்டும் மேடைக்கே திரும்பினார். ஆயினும் பழைய வளம் திரும்பவில்லை.

சந்த் துக்காராமும் மேடையின் இழப்பும்

‘சாத்வி மீராபாய்’ வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில் பிரபாத் வெளியிட்ட ‘சந்த் துக்காராம்’ (1936) மும்பையில் ஒரே திரையரங்கில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. 1937இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பாராட்டும் பெற்றது. இதில் துக்காராமாக நடித்த விஷ்ணுபந்த் பாக்னிஸ் மேடையில் ஸ்திரீபார்ட் நடிகராக விளங்கியவர். இப்படமும் பாடல் நிறைந்ததே, பக்திக் கதையே, மேடைக் கலைஞரைக் கொண்டதே. ஆயினும் இது மேடையைப் படம்பிடிக்கவில்லை. தெருவும் வயலும் வீடும் காட்சியாயின; பாட்டு குறுகியது; நடிப்பு அடங்கியது. மேடை தரவியலாத ஒன்றை அணாக் கணக்கிலான சீட்டில் இது தந்தது. மேடையின் பார்வையாளரை ஈர்த்துக்கொண்டது மேடையைப் பதிவு செய்த படமன்று, மேடையை விட்டு விலகிய படமே என்னும் முடிவிற்கு இவ்விரு படங்களின் ஒப்பீடு இட்டுச் செல்கிறது.

இதனோடு கொட்டகை இழப்பும் சேர்ந்தது. புனேயின் முதல் நிலையான திரையரங்கான ஆர்யன் 1915இலேயே தோன்றியிருந்தது. பேசும்படக் காலத்தில் ஓரரங்கு நாளொன்றுக்குப் பல காட்சிகள் நடத்த முடிந்தமையால் கொட்டகை உரிமையாளருக்கு நாடகத்தைவிடப் படம் ஆதாயமாயிற்று. நாடகக் குழுவிற்கு நாள் கிடைப்பதே அரிதானது. விற்பதற்கு இருக்கை இல்லாதபோது சீட்டு விற்பனையைப் பற்றிப் பேச இடமில்லை.

மேடையின் சுவை மாற்றத்தையும் மறத்தலாகாது. 1933இல் நாட்டியமன்வந்தர் குழு மேடையேற்றிய ‘ஆந்தள்யாஞ்சி சாளா’ சுருங்கிய காலத்தில் முடியும் புதுவகை நாடகமாக அமைந்தது. பெண்களே பெண் பாத்திரங்களை ஏற்றனர். நெடுநேர இசைநாடகத்தின் மீதான ஐயம் திரையிலிருந்து மட்டுமன்றி மேடைக்குள்ளிருந்தும் எழுந்தது என்பதற்கு இது சான்றாகும்.

தமிழ் மேடையோடு ஒப்பீடு

தமிழகத்திலும் இதே காலத்தில் மேடை நாடகங்கள் படமாயின. எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த ‘பவளக்கொடி’ கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 1934இல் படமாகிப் பெருவெற்றி பெற்றது. அதன் பின்னும் பாகவதர் மேடை நாடகங்களில் நடித்தார். திரைப்புகழே மேடைச் சீட்டை விற்கும் காரணமாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் தம் ‘மேனகா’ நாடகத்தை ராஜா சாண்டோ இயக்கத்தில் 1935இல் படமாக்கினர். அதன் பின்னும் நெடுங்காலம் அவர்கள் நாடகக் குழுவாகவே இயங்கினர். ஒரு நாடகம் படமானமையால் அந்நாடகக் குழு அழியும் என்னும் நியதி இல்லை என்பதை இவை உணர்த்துகின்றன. பாலகந்தர்வரின் படம் தோற்றது. பாகவதரின் படம் வென்றது. இரண்டிடத்தும் குறிப்பிட்ட நாடகத்தின் பதிவால் மேடை வீழ்ந்ததாகக் காணமுடியவில்லை. நடிகர் பெயர்வும் அரங்க இழப்புமே இரு மொழி மேடைகளையும் தளர்த்தின.

அண்மைக்கால நிகழ்வுகள்

பாலகந்தர்வரின் பெயரில் புனேயில் எழுந்த அரங்கம் 1968 ஜூன் 26 அன்று திறக்கப்பட்டது. பிரபாத் வளாகத்தில் 1960இல் திரைப்படப் பயிற்சி நிறுவனமும், புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகமும் அமைந்தன. புருஷோத்தம் தார்வேகர் எழுதி, ஜிதேந்திர அபிஷேகி இசையமைத்து, வசந்தராவ் தேஷ்பாண்டே நடித்த ‘கட்யார் காளஜாத் குஸலீ’ (1967) மராத்தி இசைநாடகத்தின் மறுமலர்ச்சியைக் குறிப்பது. இந்நாடகம் புதிய தலைமுறைக் கலைஞர்களால் மீண்டும் மேடையேறிய பின்னர், 2015இல் சுபோத் பாவே இயக்கத்தில் படமாகிப் பெருவெற்றி கண்டது. இப்படத்தில் பாடிய மகேஷ் காளே தேசிய விருது பெற்றார். மேடையில் உயிர்பெற்ற ஒன்றே திரைக்குச் சென்றது என்னும் வரிசைமுறை இங்கு நோக்கத்தக்கது.

மேலைநாட்டு நிகழ்வுகளும் இருவகையாக அமைகின்றன. இலண்டன் தேசிய நாடக அரங்கம் 2009 முதல் தன் நாடகங்களைத் திரையரங்குகளில் நேரலையாகக் காட்டி வருகிறது. இதனை ஆராய்ந்த நெஸ்டா அமைப்பின் ஆய்வுகள், மேடைக்கு வருவோர் எண்ணிக்கை இதனால் குறைந்ததற்குச் சான்றில்லை எனக் கண்டன. ‘ஹாமில்டன்’ இசைநாடகத்தின் 2016ஆம் ஆண்டுப் பதிவு 2020இல் இணையவழியிலும் 2025இல் திரையரங்குகளிலும் வெளிவந்தது. நியூயார்க்கில் அதன் மேடை நிகழ்ச்சியும் தொடர்ந்தது. மாறாக, 2006இல் நேரலை தொடங்கிய நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவின் நிர்வாகமோ, அருகிலுள்ள ஊர்களின் முதியோர் பயணத்தைத் தவிர்த்து உள்ளூர்த் திரையரங்கை நாடியிருக்கலாம் என ஒப்புக்கொண்டது. எட்டாத் தொலைவிலுள்ளோர்க்குப் பதிவு வரவேற்பாகவும், எட்டும் தொலைவிலுள்ள முதியோர்க்கு மாற்றாகவும் அமையக்கூடும் என்பது இவற்றால் அறியப்படும்.

முடிவுரை

புனேயின் வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. முதலாவது, இசைநாடகத்தைப் பதிவு செய்ததால் அதன் சீட்டு வருவாய் வீழ்ந்தது என்னும் கருத்திற்கு அங்குச் சான்று இல்லை. இரண்டாவது, கலைஞரும் அரங்கமும் மேடையை விட்டு நீங்கியமையும் குழுக்களின் செலவு வரவை மிஞ்சியமையும் மேடையின் நலிவிற்கு அடிப்படைகளாயின. மூன்றாவது, பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே அவ்விரவில் மட்டும் பிறக்கும் உறவைப் பதிவு எடுத்துச் செல்லவியலாது. மேடைச் சீட்டின் மதிப்பு அதிலேயே தங்கியுள்ளது.

1933இல் மறைந்த கிட்டப்பாவின் மேடைத் தோற்றத்தைக் காட்டும் படம் ஒன்றேனும் இருப்பின் தமிழ் நாடக வரலாறு எத்துணை வளம் பெற்றிருக்கும்! சீட்டு விற்பனை குறையும் என்னும் அச்சத்தால் இன்றைய இசைநாடகங்களைப் பதிவு செய்யாது விடுதல் அத்தகைய இழப்பையே மீண்டும் விளைவிக்கும். பதிவின் வருவாயில் கலைஞர்க்குரிய பங்கும், நாடகத்திற்கெனக் குறைந்த வாடகையில் அரங்கமும் உறுதி செய்யப்படின், படமும் மேடையும் ஒன்றற்கொன்று துணையாக நிற்கும் என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிவாகும்.