ஐபாடைத் திறந்தவர்கள்

இன்னைக்கு எனக்கு முன்னால மேஜையில ஒரு வெள்ளை ஐபாட் இருக்கு. 2006-ல் வந்த 30 ஜிபி மாடல். சித்தப்பா பெங்களூர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கினது. போன வருஷம் அவர் வீட்டு அலமாரியைக் காலி பண்ணும்போது கையில கிடைச்சது. சார்ஜ் போட்டேன், திரை வந்தது. கொஞ்ச நேரத்துல உள்ளேயிருந்து டக்... டக்... டக்னு ஒரு சத்தம். அப்புறம் சோக முகத்தோட ஒரு சின்ன ஐபாட் படம். பழைய கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஹார்ட் டிஸ்க் போகப்போகுதுன்னு அர்த்தம்.

அதைச் சரி பண்ண உட்கார்ந்த கதைதான் இந்த எபிசோடு. ஆனா கதை 2001-ல் ஜப்பான்ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஆப்பிளின் வன்பொருள் பிரிவுத் தலைவர் ஜான் ரூபின்ஸ்டைன் தோஷிபா நிறுவனத்துக்குப் போனார். வழக்கமான சந்திப்புதான். பேச்சுவாக்கில் தோஷிபாக்காரர்கள் ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் காட்டினார்கள். 1.8 அங்குலம், 5 ஜிபி. செய்துவிட்டார்களே தவிர, அதை எதுக்குப் பயன்படுத்துவதுன்னு அவங்களுக்கே தெளிவு இல்லை. ரூபின்ஸ்டைனுக்கு உடனே புரிஞ்சது. டோனி ஃபடெல் தலைமையில் வேலை தொடங்கியது. அக்டோபர் 23 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபாடைக் காட்டினார். விலை 399 டாலர். யோசிச்சுப் பாருங்க, ஒரு வருஷம்கூட ஆகலை.

இவ்வளவு அவசரத்தில் எல்லாத்தையும் சொந்தமாச் செய்ய முடியுமா? முடியாது. அதனால உள்ளே இருந்ததெல்லாம் கடைச்சரக்கு. டிஸ்க் தோஷிபாவுடையது. மூளையாக இருந்த சிப் போர்ட்டல்பிளேயர் என்ற சின்ன நிறுவனத்துடையது. எண்களை ஒலியாக மாற்றுகிற சிப் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருந்த உல்ஃப்சனுடையது. திரையில் தெரியும் மென்பொருளுக்கு அடித்தளம்கூட பிக்ஸோ என்ற இன்னொரு நிறுவனம் தந்ததுதான். ஆப்பிளின் கெட்டிக்காரத்தனம் இதையெல்லாம் சேர்த்த விதத்தில் இருந்தது. அதைக் குறைச்சுச் சொல்லலை.

ஆனா இந்த அவசரத்துக்கு யாரும் திட்டமிடாத ஒரு பலன் இருந்தது. வெளியே வாங்கிய டிஸ்க், அப்போது பெரும்பாலான கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பேசிய ஏடிஏ என்ற பொதுமொழியைத்தான் பேசும். பிளேயர் "இத்தனாவது கட்டத்தில் இருப்பதைக் கொடு"ன்னு கேட்கும், டிஸ்க் கொடுக்கும். எதிரே இருப்பது சுழலும் தட்டா, அசையாத சிப்பா என்ற கவலை பிளேயருக்கு இல்லை. கேட்டது வந்தா போதும். இன்னைக்கும் ஐபாடுக்கு உயிர் கொடுக்க முடியுதுன்னா, முக்கியமான காரணம் இதுதான்.

வெளியே மட்டும் வேற கதை. கண்ணாடி மாதிரி பளபளக்கிற ஸ்டீல் முதுகு, வெளியில ஒரு ஸ்க்ரூ கிடையாது. திறக்காதேன்னு அந்த வடிவமே சொல்லும். டிஸ்க்கும் பேட்டரியும் தேய்ந்து போகிற பொருள்கள், ரெண்டும் பூட்டின வீட்டுக்குள்ள. சண்டை வராம இருக்குமா?

வந்தது, 2003-ல். நியூயார்க்கில் கேஸி, வான் நைஸ்டாட் என்ற சகோதரர்கள். கேஸியின் ஐபாட் பேட்டரி 18 மாதத்தில் படுத்துவிட்டது. ஆப்பிள் உதவி மையத்தைக் கேட்டால், மாற்ற 255 டாலர் ஆகும், அதுக்குப் புதுசே வாங்கிடலாம்னு பதில். ரெண்டு பேரும் ஊரெல்லாம் ஒட்டியிருந்த ஐபாட் விளம்பரங்கள் மேல, இதன் பேட்டரியை மாற்ற முடியாது, 18 மாதம்தான் வரும்னு ஸ்டென்சில் வச்சு அச்சடிச்சாங்க. அதைப் படம்பிடித்து இணையத்தில் விட்டாங்க. யூடியூப் பிறக்காத காலம், அப்படியும் லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அதே நவம்பர் மாதம் ஆப்பிள் 99 டாலருக்குப் பேட்டரி மாற்றித்தரும் திட்டத்தை அறிவித்தது. வீடியோவால்தான் அறிவிச்சாங்கன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே சமயத்துல நடந்தது, அவ்வளவுதான் சொல்லலாம். அதற்குள் வெளியாட்கள் மாற்று பேட்டரியும் திறக்கிற பிளாஸ்டிக் கருவியும் விற்கத் தொடங்கியிருந்தார்கள்.

2004-ல் வந்த ஐபாட் மினி இன்னும் வேடிக்கை. அதுக்குள்ள ஹிட்டாச்சியின் 4 ஜிபி மைக்ரோடிரைவ். காம்பாக்ட்ஃபிளாஷ் அட்டையின் அளவு, அதே ஊசி அமைப்பு. கேமராக்காரர்களுக்கு அந்த டிரைவ் தனியா வாங்கினா விலை அதிகம். அதனால சிலர் முழு பிளேயரையும் வாங்கி, உடைச்சு, டிரைவை உருவி கேமராவில் போட்டாங்க. சில வருஷத்தில் காற்று திரும்பியது. ஃபிளாஷ் அட்டைகள் மலிவாக ஆக, அதே மினியில் டிரைவை எடுத்துவிட்டு அட்டையைச் செருகத் தொடங்கினார்கள். பாகம் மாற்றுகிற இந்த வித்தையின் பள்ளிக்கூடம் மினிதான்னு நான் நினைக்கிறேன்.

மென்பொருளையும் விட்டுவைக்கலை. ஐபாடில் லினக்ஸ் ஓட வைக்க முயன்ற ஒரு கூட்டம் இருந்தது. நான்காம் தலைமுறை ஐபாடில், முதலில் ஓடும் நிரலை வெளியே எடுத்தால்தான் அடுத்த அடி. வழியே இல்லை. சக்கரத்தைச் சுற்றும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வருமே, அந்தக் குட்டி ஒலிப்பான் மட்டும் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த நீல்ஸ் ஷ்னைடர் என்ற மாணவர் என்ன பண்ணார் தெரியுமா? நிரலின் ஒவ்வொரு பிட்டையும் டிக் சத்தமா மாத்தி அந்த ஒலிப்பான் வழியா வெளியே அனுப்பினார். வெளிச்சத்தம் புகாத ஒரு பெட்டிக்குள் ஐபாடையும் மைக்கையும் வைத்து, மணிக்கணக்காகப் பதிவு செய்து, ஒலியை மறுபடி எண்ணாக மாற்றினார். எனக்கு இந்த மொத்த வரலாற்றுலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பாட்டுப் பெட்டியையே பாட வச்சு ரகசியத்தை வாங்கியிருக்கார்! ஸ்வீடன்காரர்கள் வேறொரு பிளேயருக்காக ஆரம்பித்த ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளும் பின்னால் ஐபாடுக்கு வந்தது.

2005-ல் நானோ வந்தது. டிஸ்க்கே இல்லை, ஃபிளாஷ் மட்டும். கீழே விழுந்தாலும் பயமில்லை. ஆனா அந்த நினைவகம் பலகையோடு சால்டர் பண்ணியது. அது போனா பிளேயரும் போச்சு. விழுந்தா உடையும் டிஸ்க் வச்ச பெரிய ஐபாடோ இன்னைக்கும் ஓடுது. நல்லாச் செஞ்சது நானோ. ஆயுசு கெட்டி இதுக்கு.

2014 செப்டம்பரில் ஆப்பிள் கிளாசிக்கை நிறுத்தியது. பாகங்கள் இனி உலகத்தில் எங்குமே கிடைக்கலை என்று டிம் குக் காரணம் சொன்னார். ஆர்வலர்களோ அந்த இடத்தில் வேறு பாகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐஃபிளாஷ் என்ற பெயரில் வரும் பலகைகள் ஒரு பக்கம் டிஸ்க் மாதிரி பேசும், மறுபக்கம் மெமரி கார்டு ஏற்கும். நான்கு மைக்ரோ எஸ்டி வரைக்கும் செருகலாம். டிஸ்க் போன இடத்தில் பெரிய பேட்டரியும் உட்காரும்.

எல்லைகளும் உண்டு. 2007, 2008 கிளாசிக்குகள் கட்டங்களை 28 பிட்டில் எண்ணும். அதனால் எவ்வளவு பெரிய அட்டை போட்டாலும் 128 ஜிபி தாண்டாது. என்னுடைய 30 ஜிபி மாடலில் வேலை நினைவகம் 32 எம்பிதான். பாட்டுப் பட்டியல் அதுக்குள்ள அடங்கணும். பாட்டு பல்லாயிரம் ஆச்சுன்னா திணறும். உல்ஃப்சன் சிப் இருக்கிற மாடலின் ஒலியே தனின்னு சிலர் சத்தியம் பண்ணுவாங்க. சிப்பிலிருந்து நேராக ஒலியை எடுக்க உள்ளே சால்டர் வைக்கிறவங்களும் உண்டு. எனக்கு வித்தியாசம் கேட்கலை. என் காது அப்படி.

சரி, சித்தப்பாவின் ஐபாடுக்கு வருவோம். இதில் ஒரு சிக்கலை நான் முதலில் யோசிக்கவே இல்லை. ஐபாடைக் காப்பாத்தறோம்னு எல்லாரும் சொல்றோம். ஆனா எடுத்து வீசுற பாகம் எது? டிஸ்க். பாட்டெல்லாம் அதுலதானே இருக்கு?

கேபிள் மாட்டி லேப்டாப்பில் திறந்தேன். மறைத்து வைத்த ஒரு ஃபோல்டருக்குள்ள, எஃப்00-இலிருந்து எஃப்49 வரை ஐம்பது அறைகள். பாட்டுகளை ஐடியூன்ஸ் கலைச்சுக் கலைச்சு இந்த அறைகளில் போட்டிருக்கும், பெயரெல்லாம் நாலு எழுத்துப் புதிர். நகல் எடுத்தேன். பதினேழாவது அறை முடியும்போது டிஸ்க் நின்னுடுச்சு, அப்புறம் எழவேயில்லை. ஒரு படத்தில் ஆறு பாட்டு இருந்தால் ரெண்டு கையில் இருக்கு, நாலு இல்லை. பட்டியல் கோப்பை முதலிலேயே எடுத்திருந்தேன். அதனால் என்னென்ன போச்சுன்னு மட்டும் துல்லியமாத் தெரியும். அதில் 'நைட் பஸ்'னு ஒரு பட்டியல், 41 பாட்டு. 14 தப்பிச்சது.

அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். பலகையை ஆன்லைன்ல ஏற்கனவே வரவழைச்சிருந்தேன், அட்டை மட்டும் வாங்கணும். 256 ஜிபின்னு ஒரு கடையில் மலிவாகக் கொடுத்தாங்க. என் பாட்டையும் சேர்த்து ஏத்தினேன், எல்லாம் ஏறின மாதிரிதான் காட்டியது. கொஞ்ச தூரம் கேட்டா, பிறகு ஒவ்வொரு பாட்டும் ஒரு நொடியில் தாவுது. போலி அட்டை. உள்ளே இருந்தது 16 ஜிபி, 256-ன்னு பொய் சொல்ல அட்டைக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. பிளேயர்தான் யாரு பேசறாங்கன்னு பார்க்காதே! நீங்க வாங்கினா முழு அட்டையிலயும் எழுதிப் படிச்சு சோதிச்சுடுங்க.

திறக்கிறது பத்து நிமிஷ வேலைன்னு வீடியோவில் சொல்லுவாங்க, எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. மெல்லிய தகட்டை ஓரத்தில் விட்டு, உள்ளே இருக்கிற கொக்கிகளை ஒவ்வொன்றா விடுவிக்கணும். மூடி வந்ததும் புத்தகம் மாதிரி விரிச்சுடாதீங்க, பேட்டரியோட பட்டை வயர் ரெண்டு பக்கத்தையும் பிடிச்சிட்டிருக்கும். அதன் பூட்டு அரிசி அளவுதான். அதை உடைச்சா கதை முடிஞ்சது. புது பேட்டரி, பலகை, நல்ல அட்டை, மூடி. ஆன் பண்ணா சத்தமே இல்லை. டிஸ்க் சுற்றும் அந்த மெல்லிய அதிர்வு கையில் இல்லாதது ஒரு மாதிரி இருந்தது.

'நைட் பஸ்' பட்டியலின் மீதி 27 பாட்டையும் வேறு இடத்திலிருந்து வாங்கி, அதே வரிசையில் போட்டு சித்தப்பாகிட்ட கொடுத்தேன். சக்கரத்தை விரல் தானாச் சுத்துது அவருக்கு. மூணாவது பாட்டு ஓடும்போது ஒரு இடத்தில் தலையைத் தூக்கினார்.

"இங்க டேப் இழுக்குமேடா."

அவர் பாட்டில் பாதி, ஊரிலிருந்த கேசட்டிலிருந்து அவரே கம்ப்யூட்டரில் ஏத்தினதாம். எனக்குத் தெரியாது. நான் போட்டது சுத்தமான பதிப்பு, எங்கேயும் இழுக்காது.

"பழைய டிஸ்க்கை தூக்கிப் போட்டுட்டியா?"ன்னு கேட்டார்.

"இல்ல சித்தப்பா. பஞ்சு வச்சு டப்பாவுல வச்சிருக்கேன்."

"இருக்கட்டும்"னு சொல்லிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்டார்.