பார்க்கின்சன் விதியும் ஒரு தேயிலைக் கணக்கும்

ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் ஒதுக்கப்படுகிறதோ அவ்வளவையும் நிரப்பும்படி அவ்வேலை விரிந்துவிடும் என்பது 'பார்க்கின்சன் விதி'. இம்மாத இதழின் ஆசிரியர் இக்கட்டுரைக்கு நமக்கு முப்பது நாள் தவணை தந்தார்; இருபத்தெட்டாம் நாள் இரவில்தான் பேனாவை எடுத்தோம். ஆகவே அவ்விதியைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை. ஆனால் அதன் வரலாற்றை ஆராயலாம்.

இதை மேனாட்டின் ஏதோவொரு மூலையில் பிறந்த வேடிக்கை என்று கருதுவோர் பலர். இதைச் சொன்ன சி. நார்த்கோட் பார்க்கின்சன், 1950 முதல் 1958 வரை சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். நம் மரைக்காயர்களும் ராவுத்தர்களும் கடை வைத்துக் கணக்கெழுதிய அதே ஊர்! அக்கட்டுரை 1955 நவம்பரில் இலண்டன் 'எக்கனாமிஸ்ட்' இதழில் எழுதியவர் பெயரின்றி வெளிவந்தது, 1957இல் நூலாயிற்று.

கடற்படை வரலாறு அவர்தம் துறையாதலின் சான்றையும் அங்கிருந்தே எடுத்தார். 1914இல் பிரிட்டனிடம் 62 பெரும் போர்க்கப்பல்கள் இயங்கின. 1928இல் அவை 20 ஆகக் குறைந்தன. கடற்படையினர் 1,46,000 பேர் 1,00,000 ஆயினர். ஆனால் துறைமுகத் தொழிற்கூடங்களின் எழுத்தர்களும் அதிகாரிகளும் 3,249இலிருந்து 4,558 ஆகவும், தலைமையகத்து அலுவலர்கள் 2,000இலிருந்து 3,569 ஆகவும் பெருகினர். குடியேற்ற நாட்டு அலுவலகத்திலோ 1935இல் 372 பேர்; பேரரசு சுருங்கிவந்த 1954இல் 1,661 பேர்! அலுவலர் ஒருவர் தமக்குப் போட்டியாளரை விரும்பார், கீழ்ப்பணியாளரையே விரும்புவார். பின்னர் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொள்வர் என்பது அவர் கூறிய காரணம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். தலைமையகத்தின் வளர்ச்சியை 78.45 விழுக்காடு என்று புள்ளிக்குப் பின்னும் இரண்டிலக்கம் வரை கணித்திருக்கிறார். தொடக்க எண்ணாகிய 2,000 முழுமைப்படுத்தப்பட்ட எண் போலன்றோ தோன்றுகிறது? இடையில் ஒரு மாபெரும் போர் நிகழ்ந்தது, நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் வந்தது, வானூர்தி வந்தது. இவையெல்லாம் எழுத்தர் மேசைக்குப் புதிய வேலை கொணர்ந்திராவா? வேடிக்கைக்காக எழுதியவரைக் கடிந்து பயனில்லை. அவ்வேடிக்கையை ஆதாரமாக்கி, ஆட்குறைப்புக்குத் தீர்ப்பெழுதுவோரையே கடிய வேண்டும். அந்த 4,558 பேருக்கும் வீடு வாசல் இருந்தது.

மதரஸாவில் ஓதியோர்க்கு இது புதிய செய்தியன்று. ஃபிக்ஹுக் கலையில் 'காயிதா' எனும் பொதுவிதிகள் உண்டு. ஹனஃபீ அறிஞர் இப்னு நுஜைம் தம் 'அல்அஷ்பாஹ் வந்நளாயிர்' நூலில் அவற்றைத் தொகுத்தார். அந்நூலுக்கு உரை கண்ட ஹமவீ, ஃபிக்ஹின் காயிதா பெரும்பாலும் பொருந்துவதேயன்றி ஒன்றுவிடாமல் பொருந்துவதன்று என்று தெளிவுபடுத்துகிறார். விதிவிலக்குகளையும் சேர்த்தே மாணவருக்கு ஓதிக்கொடுக்கும் வழக்கம் அதனால் வந்தது. பார்க்கின்சன் விதியையும் அத்தகைய காயிதாவாகக் கொள்வதே முறை.

அவருடைய நூலில் நம்மைச் சுட்டது வேறோர் பகுதி. ஒரு நிதிக்குழு ஒரு கோடி பவுன் பெறும் அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது. 350 பவுன் சைக்கிள் கொட்டகை குறித்து முக்கால் மணி நேரம் வாதிடுகிறது. உலை எவருக்கும் விளங்கவில்லை. கொட்டகை எல்லோருக்கும் விளங்குகிறது.

பல்லாண்டுகட்கு முன் நாம் அமர்ந்திருந்த ஒரு மதரஸா நிர்வாகக் கூட்டத்தில் மாணவர் விடுதிக்கான கட்டட மதிப்பீடு வாசிக்கப்பட்டது. கம்பி எத்தனை டன், கலவை என்ன விகிதம் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை, தீர்மானம் நிறைவேறிற்று. அடுத்து, சமையற்கட்டுக்குத் தேயிலை எந்தக் கடையில் வாங்குவது என்ற பேச்சு எழுந்தது. மஃரிபு பாங்கு சொல்லும்வரை அது ஓயவில்லை. அதில் இருமுறை எழுந்து பேசியவர்களில் நாமும் ஒருவர். மதிப்பீட்டில் ஓரிடம் நமக்கு விளங்கவில்லை. கேட்டால் அறியாமை வெளிப்படுமே என்று வெட்கி இருந்துவிட்டோம்.

அடுத்த ஐப்பசி மழைக்கே அவ்விடுதியின் கூரை ஒழுகிற்று. பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, நாம் பாடம் நடத்தும் அறையில் உறங்கினார்கள்.