வீட்டு வாசலும் பொதுத்தெருவும்: பிரித்தானியாவில் வண்டி நிறுத்தச் சச்சரவின் வரலாறு

வீட்டின் முன்புறத்துக்கும் தெருவுக்கும் இடையே கார் போய்வருவதற்காக அமைக்கப்படும் சிறு வழியை ஆங்கிலேயர் 'டிரைவ்வே' என்று அழைக்கின்றனர். தமிழில் இதை வண்டிப்பாதை எனலாம். இதன் குறுக்கே வேறொருவர் காரை நிறுத்திவிட்டால் உள்ளே இருக்கும் வண்டி வெளியே வர முடியாது. வெளியே இருக்கும் வண்டி உள்ளே போக முடியாது. பிரித்தானியாவில் அண்டை வீட்டாரிடையே மனத்தாங்கல் ஏற்படும் காரணங்களில் வேலித் தகராறு, மரக்கிளைத் தகராறு ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. வீட்டின் முன்னால் உள்ள தெரு அந்த வீட்டாருக்கு எந்த அளவுக்கு உரியது என்ற கேள்விதான் இதன் அடியில் இருக்கிறது. அந்தக் கேள்வி காரைவிடப் பழையது.

கடந்து செல்லவே தெரு

ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின்படி தெரு என்பது கடந்து செல்வதற்கானது. யாரும் அதில் போகலாம், வரலாம்; போகும் வழியில் நியாயமான சிறு நேரம் நிற்கலாம். வண்டியை அங்கேயே விட்டு வைக்கும் உரிமை எவருக்கும் கிடையாது. குதிரை வண்டிக் காலத்திலேயே இரண்டு வழக்குகள் இதைத் தெளிவாக்கின.

முதலாவது 1805ஆம் ஆண்டு எக்ஸிட்டர் நகரில் சரக்கு வண்டித் தொழில் நடத்திய ஒருவர் மீதான வழக்கு. தம் கிடங்கின் முன்னால் பல மணி நேரம் வண்டிகளைத் தெருவில் நிறுத்திச் சரக்கு ஏற்றி இறக்குவது அவர் வழக்கம். தெருவின் மறுபக்கத்தில் வேறு வண்டிகள் போக இடம் இருந்தது. ஆனாலும் அது பொதுத்தொல்லையே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இரண்டாவது 1812ஆம் ஆண்டு லண்டன் சேரிங் கிராஸ் பகுதியில் பயணிகளுக்காகக் காத்து நின்ற குதிரைக் கோச்சுகள் பற்றியது. அரசரின் நெடுஞ்சாலையை எவரும் தம் குதிரை லாயத்தின் முற்றமாக்கிக்கொள்ள முடியாது என்ற கருத்தில் தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு தீர்ப்பளித்தார். இன்றும் சட்ட நூல்களில் இவ்வழக்கு எடுத்துக்காட்டப்படுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னோர் உரிமையும் உண்டு. தெருவை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தம் நிலத்திலிருந்து தெருவில் இறங்கவும், தெருவிலிருந்து நிலத்தில் ஏறவும் பொதுச்சட்டம் இடம் தருகிறது. தெருவின் நடுக்கோடு வரை அடிமண் பக்கத்து நிலக்காரருக்கே சொந்தம் என்றுகூட, மாற்றுச் சான்று இல்லாதபோது, ஆங்கிலேயச் சட்டம் ஊகிக்கிறது. 'என் வீட்டு முன்னால் உள்ள இடம் என்னுடையது' என்று சண்டை போடுபவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் அவருக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லை. மண் அவருடையதாக இருந்தாலும் மேல்தளம் பொதுவழி.

இந்தச் சட்டக் கருத்து கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் பொதுத்தொல்லையை 268ஆம் பிரிவிலும், பொதுவழியில் தடை ஏற்படுத்துவதை 283ஆம் பிரிவிலும் வைத்தது. பின்னதற்கு அபராதம் 200 ரூபாய் வரை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தத் தொகை மாறவே இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவு அதை 5,000 ரூபாய் வரை உயர்த்தியது. கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் இந்தியச் சாலை விதிமுறைகளும் நேரடியாகவே கூறின. 'கேட்டின் முன் வண்டி நிறுத்தாதீர்' என்று நம் ஊர்களில் தொங்கும் பலகைக்குச் சட்டத்தில் அடிப்படை இருக்கிறது. பலகையை மாட்டுகிறவர்களில் பலருக்கு அது தெரிந்திருக்காது.

கார் வந்த பிறகு

இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் வண்டிக்கு இடமே இல்லை. கதவைத் திறந்தால் நடைபாதை, அல்லது ஓரிரு அடி முன்தோட்டம். அங்கே குடியிருந்த தொழிலாளர் குடும்பங்களிடம் வண்டியும் இல்லை, குதிரையும் இல்லை. ஆகவே குறையும் தெரியவில்லை.

இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியாவில் ஏறத்தாழ 40 லட்சம் வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் பல, ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள். ஒரு இணைக்கும் அடுத்த இணைக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை விட்டு, பின்புறம் இரு வீட்டாருக்கும் தனித்தனியே கார் கொட்டகை வைக்கும் முறை பரவியது. பாதை பொது; கொட்டகை தனி. அன்றைய புகழ்பெற்ற சிறிய காரான ஆஸ்டின் செவன் 1922இல் வெளிவந்தது. அதன் அகலம் 1.2 மீட்டருக்கும் குறைவு. இன்றைய சாதாரணக் காருக்கு 1.8 மீட்டர் வேண்டும். வண்டி பெருத்தது, பாதை பெருக்கவில்லை. கொட்டகைகள் பழைய சாமான் போடும் அறைகளாயின; கார்கள் பாதையின் வாயிலுக்கோ தெருவுக்கோ வந்து நின்றன. பொதுப்பாதையின் நடுவில் ஒரு வீட்டார் காரை நிறுத்தினால் மற்றவருக்கு வழியில்லை. பகிர்ந்த வண்டிப்பாதையைப் பற்றிய வழக்குகள் இன்றுவரை ஓயாததற்கு, சிக்கனம் கருதி அன்று போட்ட இந்த வரைபடமே பெரும் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

பிரித்தானியாவில் 1950இல் சுமார் 20 லட்சம் தனியார் கார்கள் இருந்தன. 1960இல் அது 50 லட்சத்தை நெருங்கியது. 1970இல் ஒரு கோடி. லண்டனில் முதல் பார்க்கிங் மீட்டர்கள் 1958 ஜூலையில் மேஃபேர் பகுதியில் வைக்கப்பட்டன. 1960இல் போக்குவரத்துக் கண்காணிப்பாளர்கள் பணிக்கு வந்தனர். மஞ்சள் கோடுகள் தெருவோரங்களில் ஏறின. 1963இல் காலின் புக்கானன் தலைமையிலான குழு நகரப் போக்குவரத்து பற்றிய புகழ்பெற்ற அறிக்கையை அரசுக்கு அளித்தது. இவை பெரும்பாலும் கடைத்தெருவையும் நகர மையத்தையும் நினைத்துச் செய்யப்பட்டவை. குடியிருப்புத் தெருவில் இரவு முழுதும் நிற்கும் கார், பழைய சட்டத்தின் கண்ணில் சந்தேகத்துக்குரியதாக இருந்தும், நடைமுறையில் பொறுத்துக்கொள்ளப்பட்டது. பொறுத்துக்கொண்டது மெல்ல வழக்கமாகி, வழக்கம் உரிமை போலத் தோன்றத் தொடங்கியது.

அதே ஆண்டுகளில் ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே 1962இல் இயற்றப்பட்ட சட்டம் காரை வைக்கத் தெருவுக்கு வெளியே இடம் இருப்பதைக் காட்டும் சான்றைக் காவல் நிலையத்தில் பெற வேண்டும் என்றது. அந்த இடம் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று முதலில் இருந்தது. 1991இல் அது 2 கிலோமீட்டர் ஆயிற்று. இடத்தைத் தேடும் பொறுப்பை ஜப்பான் காரை வாங்குபவர் தலையில் வைத்தது. பிரித்தானியா அதைத் தெருவின் தலையில் வைத்தது.

தாழ்த்தப்பட்ட விளிம்பு

தெருவில் இடம் குறையக் குறைய, முன்தோட்டத்தைக் கல் பாவி வண்டிப்பாதையாக்கும் பழக்கம் வளர்ந்தது. ஆனால் வீட்டுக்குள் போக வேண்டுமானால் கார் நடைபாதையைக் கடக்க வேண்டும். இங்கேதான் ஒரு பழைய சட்டம் குறுக்கே வருகிறது. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் குதிரை, கழுதை, ஆடு, பன்றி, மாடு, வண்டி எதையும் ஓட்டிச் செல்வதைக் குற்றமாக்கியது. அந்த 72ஆம் பிரிவு இன்றும் நடப்பில் உள்ளது. விளிம்புக்கல்லின் மேல் காரை ஏற்றித் தம் வீட்டுக்குள் போகிறவர் சட்டப்படி பன்றி ஓட்டியவரின் இடத்தில் நிற்கிறார்.

முறையான வழி, உள்ளாட்சி மன்றத்திடம் விண்ணப்பித்து, விளிம்புக்கல்லைத் தாழ்த்தி, நடைபாதையைக் கார் ஏறும் அளவுக்கு உறுதியாக்கிக்கொள்வது. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 184ஆம் பிரிவு இதற்கு வகை செய்கிறது. செலவு வீட்டுக்காரருடையது. ஆனால் பணம் கொடுத்துச் செய்த அந்தச் சரிவு அவருக்குச் சொந்தமாவதில்லை, பொதுவழியாகவே இருக்கிறது.

இதனால் ஒரு விசித்திரமான கணக்கு உண்டாகிறது. ஒரு வீட்டார் விளிம்பைத் தாழ்த்தினால், அதுவரை எவரும் நிறுத்தக்கூடிய ஒரு தெருவிடம் மறைகிறது. தமக்கு வாசலில் ஓர் இடம், தெருவில் பிறருக்கு ஓர் இடம் குறைவு. மிச்ச இடத்துக்கு நெருக்கடி கூடும்போது அடுத்த வீட்டாரும் விண்ணப்பிக்கிறார். தெருவின் ஒரு பக்கம் முழுதும் இப்படி ஆகிவிட்டால், முன்தோட்டம் இல்லாத எதிர்வரிசை வீட்டார் எங்கே நிறுத்துவது? அண்டை வீட்டுச் சண்டைகளில் நியாயம் இரு பக்கமும் இருப்பது பல நேரங்களில் இதனால்தான்.

மழைநீருக்கும் இதில் பங்கு உண்டு. 2007ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின், முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு, அந்த நீர் தெருவுக்கு ஓடுமானால் அனுமதி பெற வேண்டும் என்ற விதி 2008 அக்டோபரில் இங்கிலாந்தில் வந்தது.

உள்ளே அடைபட்டவரும் வெளியே நிற்பவரும்

வண்டிப்பாதை மறிக்கப்பட்டால் யாரிடம் போவது? காவல்துறையின் வழக்கமான நடைமுறையில் ஒரு நுணுக்கமான வேறுபாடு உண்டு. கார் உள்ளே இருந்து வெளியே வர முடியாவிட்டால், தெருவைப் பயன்படுத்தும் ஒருவரின் வழி தடைபடுகிறது, அது குற்றமாகலாம். கார் ஏற்கெனவே தெருவில் இருந்து உள்ளே போக முடியாவிட்டால், அவர் தெருவில்தானே இருக்கிறார், தெரு அவருக்குத் தடைபடவில்லையே என்று கருதப்படும். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இந்தத் தர்க்கம் ஆறுதல் தராது.

2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தது. அதன் 86ஆம் பிரிவின்படி, தாழ்த்தப்பட்ட விளிம்பின் அருகே நிற்கும் வண்டிக்கு அபராதச் சீட்டு ஒட்டலாம். வீட்டில் குடியிருப்பவர் தாமே நிறுத்தியிருந்தாலோ, அவர் சம்மதத்தோடு வேறொருவர் நிறுத்தியிருந்தாலோ விலக்கு உண்டு. இரு வீட்டார் பகிரும் வண்டிப்பாதைக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. ஒருவர் சம்மதம் மற்றவரைச் சிறைப்படுத்திவிடக் கூடாது அல்லவா. பல தெருக்களில் வாசலின் முன் காணப்படும் வெள்ளைக் கோடு, ஆங்கில எழுத்து 'எச்' போல இரு முனையும் மடிந்தது, வெறும் வேண்டுகோள்தான். அதற்கென்று தனி அபராதம் இல்லை.

ஆனால் அந்நியர் ஒருவர் தெருவில் நிறுத்தாமல் உங்கள் வண்டிப்பாதைக்குள்ளேயே காரை விட்டுவிட்டுப் போனால் நிலைமை இன்னும் மோசம். அது தனியார் நிலம். உள்ளாட்சி மன்றம் அபராதம் போட முடியாது. அத்துமீறல் என்பது உரிமையியல் விவகாரம் என்பதால் காவல்துறையும் பொதுவாகத் தலையிடாது. முன்பு சக்கரத்துக்குப் பூட்டுப் போடும் நிறுவனங்கள் இருந்தன. அவை கொள்ளைக் கட்டணம் வசூலித்ததால், 2012 அக்டோபர் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சட்ட அதிகாரம் இல்லாமல் தனியார் நிலத்தில் சக்கரப் பூட்டுப் போடுவது குற்றமாக்கப்பட்டது. வாசலுக்கு வெளியே அரை மீட்டர் மறித்தவருக்குச் சீட்டு ஒட்டலாம். வாசலுக்கு உள்ளே வந்தவரைத் துரத்த நீதிமன்றம் போக வேண்டும். சட்டம் ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனியே ஒட்டுப் போட்டதன் விளைவு இது.

ஷெட்லாந்து வழக்கு

இத்தகைய அண்டை வீட்டுப் பிணக்கு ஒன்று நாட்டின் உச்ச மன்றம் வரை போனது. ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், செங்குத்தான சரிவின் அடியில் கடலோரமாக ஒரு வீடு. அந்த வீடு இருந்த நிலம் 1973இல் பெரிய நிலத்திலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்டபோது, பக்கத்து நிலத்தின் வழியே வந்துபோகும் உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டது. சரிவின் காரணமாகக் கார் வீடு வரை இறங்க முடியாது. மேலே, பக்கத்து நிலத்தில்தான் நிறுத்தியாக வேண்டும். வந்துபோகும் உரிமைக்குள் நிறுத்தும் உரிமையும் அடங்குமா என்பதே வழக்கு.

பத்திரத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. பிறர் நிலத்தில் காரை விட்டு வைப்பது அந்த நிலத்தையே எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2007 அக்டோபரில் பிரபுக்கள் அவை வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. காரில் வரலாம், ஆனால் காரை எங்கும் விடக்கூடாது என்றால் அந்த இடத்தில் வரும் உரிமைக்கே பொருளில்லை என்பது அதன் சாரம். அந்த நிலத்தின் அமைப்பை வைத்துச் சொல்லப்பட்ட முடிவு இது; வழி உள்ள இடமெல்லாம் நிறுத்தவும் உரிமை உண்டு என்று நீதிபதிகள் கூறவில்லை.

மின்கம்பியின் வருகை

அண்மை ஆண்டுகளில் வண்டிப்பாதைக்குப் புதிய மதிப்பு ஒன்று சேர்ந்திருக்கிறது. மின்சாரக் காரை வாசலில் நிறுத்தி வீட்டு மின்சாரத்தில் மின்னேற்றுகிறவர் அந்த மின்சாரத்துக்கு 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி கட்டுகிறார். தெருவில் நிறுத்திப் பொது மின்னேற்றியைப் பயன்படுத்துகிறவருக்கு 20 விழுக்காடு வரி. வாசல் இல்லாத வரிசை வீட்டார் நடைபாதையின் குறுக்கே கம்பியை இழுத்தால் நடப்பவர் தடுக்கி விழுவார். ஆகவே நடைபாதைக் கல்லில் குறுகிய பள்ளம் வெட்டி, கம்பியை அதற்குள் பதித்து மூடும் முறையைச் சில உள்ளாட்சி மன்றங்கள் அனுமதிக்கத் தொடங்கியுள்ளன. பள்ளத்துக்குப் பணம் கட்டியவருக்கு அதன் எதிரே உள்ள தெருவிடம் ஒதுக்கப்படுவதில்லை. அங்கே வேறு எவர் வேண்டுமானாலும் காரை நிறுத்தலாம்.