ஊவா மலைகளும் கார்த்திகை மழையும்

வங்கக் கடலிற் புயல் எழுமாயின் கரையோர மக்கள் காற்றுக்கு அஞ்சுவர். ஊவா மலைநாட்டுத் தோட்ட மக்களோ தம் காலடி மண்ணுக்கு அஞ்சுவர். பதுளை மாவட்டத்துக்குப் புயல் பெரும்பாலும் மழையாகவே வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடைப்பருவ மழையும் வடகீழ்ப் பருவமழையும் தொடர்ந்து பெய்ய, சரிவிலுள்ள மண் நீரை உறிஞ்சிக் கனக்கிறது. நீர் அடியிலுள்ள பாறைவரை இறங்கியதும் பிடிப்புத் தளர்ந்து, மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து விழுகிறது.

இது மழையின் குற்றம் மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின் தேயிலை பரவியது. மண்ணைப் பற்றியிருந்த பெருமரங்கள் மறைந்தன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு அச்சரிவுகளிலேயே லயங்கள் எழுந்தன. இடத்தைத் தெரிந்தெடுத்தவர் தோட்டத்துரை. அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் தொழிலாளர்.

1986ஆம் ஆண்டின் பெரும் மண்சரிவுகளுக்குப் பின்னர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் ஆபத்தான சரிவுகளைப் படமாக வரையத் தொடங்கியது. கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம் குறித்து 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆயினும் மக்கள் அங்கேயே இருந்தனர். வேறெங்கே செல்வர்? நிலமும் லயமும் தோட்டத்துக்குரியவை. தமக்கென ஒரு பிடி மண்ணும் அவர்களுக்கு இருந்ததில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் தப்பினர். அவருட் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எஞ்சிய குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நாட்களைக் கழித்தன. பூனாகலைப் பகுதியிற் புதிய வீடுகள் கிடைத்தது 2016இலேதான்.

மலை முன்னறிவிப்பின்றிப் பெயர்வது அரிது. நிலத்திற் புதிய வெடிப்பு, சாயும் மரமும் கம்பமும், இறுக்கமாகும் கதவு, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவை அதன் அறிகுறிகள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பும், 100 மில்லிமீற்றரானால் ஆயத்தமும், 150 மில்லிமீற்றரானால் வெளியேற்றமும் வேண்டுமென்பது நிறுவகம் வகுத்த அளவு. மழைக்கு முன்னரே கான்களைத் துப்புரவாக்குவதும், அடையாள அட்டை முதலிய பத்திரங்களை ஒரு பையிற் கட்டிவைப்பதும், இரவில் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்லும் வழியைப் பகலிலேயே தீர்மானிப்பதும் ஒவ்வொரு லயத்தாரும் செய்யத்தக்கவை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பதுளையும் பெரிதும் அழிவுற்றது. மீரியபெத்தை கற்பித்த பாடம் பழையதாகிவிடவில்லை. எச்சரிக்கை மணி ஓரிரவுக்கு உயிரைக் காக்கும். உறுதியான நிலத்தில் உரிமையுள்ள வீடு கிடைத்தாலன்றி, அடுத்த கார்த்திகையிலும் அதே குடும்பம் அதே சரிவின் கீழேதான் மழையை எண்ணிக்கொண்டு விழித்திருக்கும்.